மேரே போட்ட மாலை

துபாய் ஹோட்டலில் நான் சூப்பர்வைசர் ஆன அன்று, ரிசப்ஷனில் வேலை செய்யும் ஃபிஜி நாட்டுப் பெண் மேரே, எல்லோர் முன்னிலும் என் கழுத்தில் பூமாலை போட்டுவிட்டாள். நானோ கல்யாணமாகாதவன். பதறிப்போய் உடனே கழற்றிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"எங்க நாட்டுல நல்ல சேதின்னா மாலை போடுவோம். லீவு நாள் முழுக்க உக்காந்து கட்டினேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, "நீங்களே திரும்பப் போடுங்க," என்று தலையைக் குனிந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மேரே எனக்கு மாலை போடும் போட்டோவை அனுப்பினேன். பார்த்ததும் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டாள். "யாருடா அந்தப் பொண்ணு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

விஷயத்தைச் சொன்னேன். "நான் போட வேண்டிய மாலை. மகராசி அவ போட்டிருக்கா," என்று சிரித்தாள்.

நாங்கள் தங்கும் தொழிலாளர் குடியிருப்பான சோனாப்பூருக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸிலும் மாலையைக் கழற்றவில்லை. சந்தோஷத்தை மறைக்காமல் இருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.