செல்வி அக்கா பதிவிட்ட பறவை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை கல்லூரி வளாகப் பறவைக் கணக்கெடுப்பில் பயந்துபோய் கேண்டீனுக்குள் ஒளிந்துகொண்டேன்.

வரும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. போனில் புதிதாக ஒன்று: "அந்தமான் கானாங்கோழி, ஒன்று. நூலகத்தின் பின்புறம். பார்த்தவர்: செல்வி."

லேசில் கண்ணில் படாத பறவை. செல்வி அக்காவோ போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து கேண்டீனை விட்டு வெளியே வந்து நூலகத்துக்குப் பின்னால் போனேன். அக்காவின் போனும் கையுமாக அவர் கணவர். ஜங்லிகாட்டில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருக்கிறார்.

"அரே தம்பி, வருஷா வருஷம் அவ பேரு லிஸ்ட்ல இருக்கும். இந்த வருஷம் விட்டுப்போகக் கூடாதுல்ல? கேன்சல் பண்ணிடாத."

"நல்லா பாத்தீங்களா அண்ணே?"

"இதோ, இவ்வளவு கிட்ட!"

ஏற்றுக்கொண்டேன். நிபுணர்கள் கமெண்டில் வந்து திட்டலாம்.

பறவை இன்னும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. நான் ஒளிந்திருந்த கேண்டீனில் வளர்க்கும் நாட்டுக்கோழி.