தயிர்சாதத் தூக்கு நுழையாத சந்து

அமெரிக்கா வந்த முதல் மூன்று வருடங்களில் நான் அதிகம் பார்த்தது பார்க்கிங் லாட்களைத்தான். சான்டா கிளாராவிலிருந்து மூன்று குடும்பங்கள் வேன் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவோம். தயிர் சாதத்தை மூடிய வண்டிக்குள் வைத்தால் புளித்துவிடும். முதல் பயணத்தில் அதை வெளியே நிழலில் வைத்தோம், காக்கைகள் பையைக் கிழித்துவிட்டன. அதிலிருந்து ஒருவர் சாப்பாட்டுக்குக் காவல் இருப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒருவர் எப்போதும் நான். பன்னிரண்டாவது வரை படித்தவள், நாலு பேர் நடுவில் பேசக் கூச்சப்படுகிறவள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. மலை பார்த்துத் திரும்புகிறவர்களுக்குத் தட்டில் சாதம் போட்டுக் கொடுப்பேன்.

நாலாவது வருடம் ஏப்ரலில் யூட்டா பாலைவனத்துக்குப் போனோம். அங்கே தண்ணீர் பாறையை அறுத்து அறுத்துச் சந்துகளாக்கி வைத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தரையில் ஒரு விரிசல் தெரியும், அவ்வளவுதான். உள்ளே இறங்கினால் இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குச் சுவர். என் மகள் நூலகப் புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டியிருந்தாள். இதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மழை பெய்தால் சந்துக்குள் வெள்ளம் புகுந்துவிடுமாம். அன்று மழை வராது என்று பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டு வேனை நிறுத்தினோம். பயணத்தை நடத்துகிறவர் என் கணவரின் நண்பர். எல்லோருக்கும் அவர் அண்ணா.

"நீங்க வழக்கம்போல சாப்பாட்டப் பாத்துக்குங்க" என்றார் என்னிடம்.

"நானும் வரேன்ணா."

"அப்ப தயிர் சாதம்?"

"யாராவது தூக்கிட்டு வாங்க."

கணவர் என்னைப் புதிதாகப் பார்த்தார். "உள்ள ரொம்ப டைட்டா இருக்குமாம். மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

"இழுத்து விடுங்க."

மகள் சிரித்துவிட்டாள். அண்ணா பெரிய எவர்சில்வர் தூக்கைத் தன் முதுகுப் பையில் திணித்து மாட்டிக்கொண்டார்.

அரை மணி நேரம் நடந்தோம். மணல் ஜில்லென்று இருந்தது. வானம் தலைக்கு மேல் நாடா அகலத்துக்குச் சுருங்கியது. பிறகு சந்து சட்டென்று குறுகியது. முன்னால் போன அண்ணா பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். தூக்கு பாறையில் உரசிக் கிரீச்சிட்டது. இன்னொரு முறை முட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இதுக்கு மேல வழியில்ல. எல்லாரும் திரும்புங்க."

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் விழுந்திருந்தது.

"வழி இருக்குண்ணா. தூக்குதான் போகல."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நுழைந்தேன். பாறை நெஞ்சிலும் முதுகிலும் ஒரே சமயத்தில் அழுத்தியது. "அம்மா, பிரீத் அவுட்! லெஃப்ட் லெக் ஃபர்ஸ்ட்!" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள். பாதியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்ற அண்ணாவின் குரல் கேட்டது.

அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதா? மூச்சை முழுக்க விட்டேன். முழங்கை சிராய்ந்தாலும் பரவாயில்லை என்று தள்ளினேன். தோல் உரிந்தது. நான் அந்தப் பக்கம் விழுந்தேன்.

சின்ன அறை அளவுக்கு இடம். மேலிருந்து வெயில் சுவர் சுவராகப் பட்டு இறங்கி மணலையே நிறம் மாற்றியிருந்தது. மகளும் நுழைந்து வந்து "வாவ், அம்மா" என்றாள். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தோம்.

"பாத்தாச்சில்ல? வா, எல்லாருக்கும் பசிக்குது" என்று கணவர் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"தூக்கு அங்கதான இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க. நான் மெதுவா வரேன்."

தூக்கின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. "ஸ்பூன் எங்க இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் மணலில் காலை நீட்டிக்கொண்டேன்.