முடிவெடுப்பது யார்

பிப்ரவரி, இரண்டாவது திங்கட்கிழமை. எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் என் மனைவி காலமானாள். மறுநாள் முற்பகலில் தகனம். துபாயிலிருந்து வந்த மகள் காரியங்கள் முடிந்ததும் திரும்பிச் சென்றாள்.

மார்ச், முதல் வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மனைவி தலைமை வகித்த மேலாண்மைத் துறைக்கு, இப்போதுள்ள மாணவர்கள் படிப்பை முடிக்கும்வரை நான் பொறுப்புத் தலைவராக இருக்க இயலுமா என்று கேட்டிருந்தார்கள். இயலாதெனில் மட்டாஞ்சேரி மையம் மூடப்பட்டு, மாணவர்கள் எர்ணாகுளம் வளாகத்துக்கு மாற்றப்படுவர். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

மறுநாள், சனிக்கிழமை. மாலையில் மாணவர்கள் மூவர் வீட்டுக்கு வந்தனர்.

நடந்தவை இவ்வளவுதான். வரிசையாக எழுதிவிட்டால் மனம் ஓரிடத்தில் அமரும் என்று நினைத்தேன். அமரவில்லை. இந்தப் பத்திகளுக்கு நடுவிலேயே எழுந்து படகுத்துறைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை.

எங்கள் துறை மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் ஒரு பழைய பண்டகசாலையின் மாடியில் இயங்குகிறது. கீழே இன்றும் சுக்கு வியாபாரம் நடக்கிறது. வகுப்பின் நடுவே மூட்டை இறக்கும் ஓசை எழுந்தால், அது ஓயும்வரை பேச்சை நிறுத்திவைப்பது எங்களுக்குப் பழக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட முதுகலைப் படிப்பு அது. பணி ஓய்வுக்குப் பிறகு ஒப்பந்த அடிப்படையில் அங்கே புள்ளியியல் நடத்தி வருகிறேன். ஆகவே என் மனைவி எனக்கும் தலைவராக இருந்தாள். மனைவியின் கீழ் வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று தோப்பும்படி கடைத்தெருவில் எதிர்ப்படும் பழைய நண்பர்கள் கேட்பார்கள். வீட்டில் இருப்பதுபோலத்தான் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் நகைச்சுவையாகச் சொன்னதில்லை. ஆசிரியர் கூட்டம் ஒன்று முடிந்து படியிறங்கும்போது அவளே ஒருமுறை குரலைத் தாழ்த்தி, மலையாளம் கலந்த எங்கள் தமிழில் சொன்னாள்: "சாரே, நான் வாய் தொறக்கும் முன்னே தலையாட்டாதீங்க. பிள்ளைங்க நம்ம வீட்டு விஷயம் மனசிலாக்கிடும்."

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரையும் முதல் நாள் தன் அறைக்குத் தனியே அழைத்து, சாயா வரவழைத்துக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பாள். உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்? நாடு, மதம், முன்பு படித்த கல்லூரி ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். தலைமைப் பண்பைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தப்போகும் ஒருவர் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வது போதுமா என்று நான் கேட்டதுண்டு. "ஒரு கேள்வி மதி," என்றாள். போதும் என்பதற்கு நாங்கள் மதி என்றுதான் சொல்வோம். "ரெண்டாவது கேட்டா நல்ல பதிலா யோசிச்சுப் பறயத் தொடங்கிடுவாங்க."

விடைகள் விதவிதமாக வந்தன. தன் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை, ஆளுக்கொரு சாவி வைத்திருந்தோம் என்றான் ஜெர்மனியிலிருந்து வந்தவன். பெரியவர்கள் எல்லோரும் கூடிப் பேசுவார்கள், எவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும்போது அது முடிவாகிவிடும் என்றான் கென்யாவிலிருந்து வந்தவன். வவுனியாவிலிருந்து வந்த பெண் ஒரே சொல்லில், அப்பா, என்றாள். அந்த விடைகளுக்கு ஏற்பத்தான் என் மனைவி அவர்களை நடத்தினாள். ஜெர்மானியனிடம் கடைசித் தேதியை மட்டும் சொல்லி விட்டுவிட்டாள். கென்யனின் குழுவோடு மாலை மாலையாக உட்கார்ந்து பேசினாள். வவுனியாப் பெண்ணுக்கு எதைப் படிப்பது, யாரிடம் போவது, எந்த வாரத்தில் எதை முடிப்பது என்பதையெல்லாம் தானே சொன்னாள். ஒரே மேசையின் பின்னால் அமர்ந்து, அரை மணி நேர இடைவெளியில் இவள் வேறு வேறு பெண்ணாக மாறுவதைக் கண்டு வியந்திருக்கிறேன். அந்த வியப்பில் பெருமையும் கலந்திருந்தது.

திருமணமான புதிதில் என்னிடமும் அவள் இதைக் கேட்டாள். அம்மா என்றேன். அது உண்மை. அதன் பிறகு வீடு வாங்கியது, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, நான் எப்போது ஓய்வு பெறுவது எல்லாம் முடிவான பின்பே என்னிடம் வந்து சேர்ந்தன. எனக்கு அதில் குறை இருந்ததில்லை. சென்ற டிசம்பரில் ஒரு மாலை, கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய ஆள் வந்துபோன செய்தியோடு சேர்த்து, தன் சிகிச்சையைப் பற்றி இதையும் சொன்னாள்: "டாக்டர்கிட்ட பறஞ்சாச்சு. இனி அந்த மருந்து வேண்டாம். நீங்க ஆலோசிச்சு ஆலோசிச்சு உறக்கம் களைய வேண்டாம்."

சரி என்றேன். மகளுக்கு அன்றே தொலைபேசியில் இதே சொற்கள் போயின.

சனிக்கிழமை வந்த மூவரும் நான் மேலே சொன்ன மூவர்தான். மருத்துவமனைக்குப் போகும் முன் அவள் கொடுத்திருந்த கடைசிப் பணி, நல்ல தலைமை எது என்பதைத் தாங்கள் நேரில் கண்ட ஒருவரை வைத்து எழுதுவது. மூவரும் அவளையே எழுதியிருந்தனர். அதைச் சொல்லி, பொறுப்பை ஏற்கும்படி என்னைக் கேட்டுக்கொள்ளவே வந்தனர். மையம் மூடப்பட்டால் தங்கள் களப்பணி குலையும் என்பதையும் மறைக்கவில்லை. ஜெர்மானியன் தொடங்கினான். நல்ல தலைவர் பிறர் வேலையில் கை வைக்காதவர், மேடம் ஒருமுறைகூடத் தன் வேலைக்குள் வந்ததில்லை என்றான். கென்யன் அவனை வியப்போடு பார்த்தான். எந்த மேடத்தைச் சொல்கிறாய் என்று கேட்டான். எங்களோடு உட்கார்ந்தால் எழவே மாட்டாரே, கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை இருப்பதல்லவா தலைமை என்றான். இருவரும் ஆங்கிலத்தில், மரியாதை குறையாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் வாதிட்டனர். இருவருக்கும் நடுவில், அவள் வழக்கமாக அமரும் நாற்காலி காலியாக இருந்தது. அவர்கள் பேசிய பெண்களில் எவளோடு நான் வாழ்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. சாயா போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் போனேன்.

வவுனியாப் பெண் என் பின்னாலேயே வந்தாள். சீனி எங்கே என்று கேட்டாள். நான் டப்பாக்களைத் திறந்து திறந்து பார்ப்பதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, தானே தேடி எடுத்தாள். நீ உள்ளே ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"அவங்கள் சொல்லுற மேடத்தை எனக்குத் தெரியாது, சேர்," என்றாள். "என்னட்ட மேடம் ஒண்டும் கேக்கிறேல்ல. சொல்லுவா. முதல் நாள் அப்பா எண்டு சொல்லிப்போட்டன். அப்ப அது உண்மைதான். பிறகு அப்பா வேலைக்குக் கட்டார் போயிட்டார். தங்கச்சியைப் படிக்க அனுப்பினது, வீட்டுக்குக் கூரை போட்டது, எல்லாம் நான்தான், இங்கயிருந்து போனிலயே. வகுப்புக்கு வந்தா மட்டும் திரும்பவும் சின்னப்பிள்ளை. இண்டைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பா எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்."

பால் பொங்கியது. அடுப்பை அவள்தான் அணைத்தாள். அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "என்கிட்டயும் கேக்கல்ல."

எதை என்று அவள் விசாரிக்கவில்லை. "அப்ப நீங்கள் ஏன் சேர் சொல்லேல்ல?" என்றாள்.

"நீ?"

"நானும் சொல்லேல்ல. சொல்லியிருந்தா கேட்டிருப்பா. மேடம் அப்பிடி ஆள்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஆறுதலாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே அது என்னை இன்றுவரை விடவில்லை. அடுத்தவர் வீட்டைக் கேட்டறிந்து அதற்கேற்ப நடப்பது தலைமையின் உச்சம் என்று நானும் நம்பியிருந்தேன். வீடுகள் மாறுகின்றன. கேட்டவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களும் மாறியதைச் சொல்லவில்லை. குற்றம் யாருடையது என்று பிரிக்க முயன்று, முடியாமல், கோப்பைகளைத் தட்டில் அடுக்கினேன். பிறகு அந்தப் பெண்ணிடமே கேட்டேன், நான் அந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்று.

"உண்மையாவோ கேக்கிறீங்கள்?"

"ஆமா."

"அப்பிடியெண்டா வேண்டாம், சேர். நீங்கள் மேடம் மாதிரி நடக்கத்தான் பாப்பீங்கள். உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். எர்ணாகுளத்துக்கு நாங்கள் போட்ல போய் வருவம்."

கூடத்தில் மற்ற இருவரிடமும், முதல் நாள் கேட்கப்பட்ட கேள்வி எல்லோருக்கும் பொதுவானது என்பதையும், அவரவர் விடையே அவரவர்க்குக் கிடைத்த தலைவரை உண்டாக்கியது என்பதையும் சொன்னேன். ஜெர்மானியன் வெகுநேரம் சாயாவைத் தொடவில்லை. மேடம் தன்னை அளந்து வைத்திருந்தார் என்பது அவனுக்கு உவப்பாக இல்லை என்று தோன்றியது. கென்யன் மெல்லச் சிரித்தான். அப்படியானால் நல்ல தலைமை என்று நாங்கள் எழுதியது மேடத்தைப் பற்றி அல்ல, எங்கள் வீடுகளைப் பற்றித்தான் என்றான். எழுதியதைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், வீட்டைப் பற்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். வவுனியாப் பெண் தான் எழுதியதை மாற்றப்போவதாகச் சொன்னாள். மேடத்தோடு உடன்படாத இடத்தையும் எழுதலாமா என்றாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். எழுத வேண்டும் என்றேன்.

ஞாயிறு முழுவதும் நடந்தேன். திங்கட்கிழமை, ஏற்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அந்தப் பெண் சொன்னது தவறு என்பதால் அல்ல. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கேட்டு, அதை எடைபோட்டு, அதற்குப் பிறகு நானாக எடுத்த முடிவு என் வாழ்வில் இது ஒன்றுதான். காரணத்தை அவளிடம் சொன்னேன். "சரி, பாப்பம்," என்றாள்.

இன்னும் செய்யப்படாமல் இருப்பவை:

பொறுப்பேற்றதை மகளிடம் சொல்வது. அவள் அதை வேறு எவர் வழியாகவும் அறியக் கூடாது.

வவுனியா மாணவி தன் ஆய்வுத் தலைப்பைத் தானே தேர்ந்துகொள்ள அலுவலகத்தில் அனுமதி பெறுவது. காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

துறைத்தலைவர் அறையின் சாவியை வாங்குவது.

மருந்தை நிறுத்த வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்வது.