எனக்குச் சொந்தமில்லாத கூந்தல்

என் மனைவியின் கூந்தலில் சிக்கு விழுந்ததற்கு முதல் காரணம் விழுப்புரத்து மருத்துவமனையின் தலையணை. இரண்டாவது காரணம் நான். தலையணை மீது நடவடிக்கை எடுக்க வழியில்லை என்பதால் என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. விழுப்புரத்தில் அறுவை சிகிச்சை. தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு நர்ஸ் அவளுடைய நீண்ட முடியை இரட்டைச் சடையாகப் பின்னி, நீலத் தொப்பிக்குள் திணித்தார். அதன்பின் காய்ச்சல், மல்லாந்த படுக்கை என்று மூன்று வாரம் போயிற்று. அந்தச் சடைகளை யாரும் அவிழ்க்கவில்லை. கையெழுத்து வாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் என்னிடம் தவறாமல் வாங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்களில் எப்படி உட்காருவது, எப்படிக் கழிவறைக்குப் போவது, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்றெல்லாம் இருந்தது. தலைமுடிக்கு ஒரு வரி இல்லை. விதி எழுதப்படாத இடத்தில் எனக்குக் கை ஓடாது. பணிக்காலம் முழுவதையும் வட்டாட்சியர் அலுவலகங்களில் கழித்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான்.

அந்த மருத்துவமனை நடையில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் என்று சொன்ன அறுவை சிகிச்சை நாலு மணி நேரத்தைத் தாண்டியது. யாரும் வெளியே வரவில்லை. நான் பெரிய பக்திமான் அல்ல. மண்டகப்பட்டுக்கு அந்தப் பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் குலதெய்வமான அம்மனுக்கு ஆடியில் ஒரு பொங்கல் வைப்பதோடு சரி. ஆனால் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, இவள் நல்லபடியாக வெளியே வந்தால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் தலையில் இறக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது மறு நொடியே உறைத்தது. அம்மனை ஏமாற்றுவதுபோல் ஆகிவிடுமே என்று உடனே ஒரு திருத்தம் செய்தேன்: என் முடியை அல்ல, அவள் முடியை. பத்து நிமிடத்தில் மருத்துவர் வெளியே வந்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்றார்.

இதை அவளிடம் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும் என்று ஒத்திவைத்தேன். ஒத்திவைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வீட்டுக்கு வந்த மறுநாள் சடைகளை அவிழ்க்க முயன்றபோது அவை அவிழவில்லை. நுனிப் பகுதி மட்டும் பிரிந்தது. பிடரிக்கு மேலே இரண்டு சடைகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு தேங்காய் மூடி அளவுக்குத் திரண்டிருந்தன. தலைக்கு ஊற்றினால் இளகும் என்று முடிவு செய்தேன். போனில் மருத்துவரைக் கேட்டு அனுமதி பெற்றேன். நாற்காலியைச் சாய்த்து, காயத்தில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, வெந்நீரும் சீயக்காயுமாக அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். எல்லாம் முறைப்படி நடந்தது. காய்ந்தபின் தொட்டுப் பார்த்தால் அந்தத் தேங்காய் மூடி சுருங்கி, கால்மிதி போல இறுகிக் கிடந்தது.

அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, எங்கள் தெருமுனையில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண்ணிடம் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், தண்ணி காட்டுனீங்களா?"

"சீயக்காய் போட்டுத் தேச்சேன்."

"யாரு சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை."

"சிக்கு மேல தண்ணி ஊத்தித் தேச்சா இறுகிக்கும் சார். மொதல்ல எண்ணெ. நல்லா ஊற வுட்டு நுனியிலேருந்து வாங்க. வேர்லேருந்து சீப்பு போட்டா அம்மா உங்கள அடிப்பாங்க. இதுக்கு நாளுக் கணக்கா ஆவும் சார், ஒரு கத்திரி போட்டா பத்து நிமிஷம்."

நான் வழக்கமாக எந்தக் கோப்பையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பவன். முடியின் முதல் பக்கம் வேர்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று மனைவியிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். வேறு ஆள் தன் தலையை இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாதாம். கத்திரியைப் பற்றிச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆகவே வேலை என்னிடம் வந்தது. அவளால் ஒரேயடியாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. காலைப் பலகாரத்துக்குப் பின் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற வைத்தேன். அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கினேன். ஆனால் உண்மையில் உதவியது கோணி ஊசி. அலுவலகத்தில் தடித்த கோப்புகளைத் தைப்பதற்கு வைத்திருப்போமே, அதுதான். அதன் கூர்முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மழுங்கிய காதுப் பக்கத்தைச் சிக்குக்குள் நுழைத்து மெல்ல நெம்பினால் ஐந்தாறு முடி தனியே வரும். அவற்றை இன்னொரு கையால் பிடித்து ஒதுக்க வேண்டும். வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பது தலைக்குத் தெரியாது. மூன்றாம் நாள்தான் இது எனக்குப் பிடிபட்டது. முதல் இரண்டு நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பொறுமை என்று குறித்துக்கொண்டேன்.

சமைத்துப் போடுவதற்காக அவளுடைய தங்கை அனந்தபுரத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். அவளுக்கு இந்தக் காட்சி பெரிய பொழுதுபோக்கு.

"மாமா, இன்னும் எத்தினி நாளு இத்தப் போட்டு நோண்டிக்கினு இருப்பீங்க?"

"ஆகிற வரைக்கும்."

"அக்கா, ஒனக்குத் தெரியாது. பட்டா கேட்டு வந்தவன வருசக் கணக்குல அலைய வுட்ட மனுசன் இவுரு. ஒன் தல இந்தப் பொங்கலுக்கு ஆவாது, அடுத்த பொங்கலுக்குத்தான்."

"நீ போயி ரசத்தப் பாரு," என்றாள் என் மனைவி.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எத்தினி பேரு சாமிக்குன்னு மொட்ட போட்டுக்கிறாங்க. ஒன் உசுரு பொழச்சி வந்துக்குது. அம்மனுக்குன்னு சொல்லி எறக்கிட்டா பேஜாரே இல்ல. புண்ணியமும் ஆச்சி, சிக்கும் போச்சி."

என் கையில் ஊசி நின்றுவிட்டது. தங்கை தற்செயலாகத்தான் சொன்னாள். ஒரு நிமிடம் எனக்கு எல்லாம் எவ்வளவு எளிது என்று தோன்றியது. சரி என்று ஒரு வார்த்தை என் மனைவி சொல்லிவிட்டால், நான் எதையும் ஒப்புக்கொள்ளாமலே என் வேண்டுதல் நிறைவேறிவிடும்.

"என் தலையில கத்தி படாது," என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை.

அதன்பின் தங்கை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் தினமும் எடுக்க நினைத்து, தினமும் விட்டேன்.

ஒருவரின் தலைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றால் என்னென்னவோ தெரிகிறது. முடி, வேரில் வெள்ளை, அதற்குக் கீழே மருதாணிச் சிவப்பு, நுனியில் பழுப்பு. விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவள் மருதாணி போடுவதை நிறுத்தியிருக்கிறாள். நான் கவனித்திருக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சிறு தழும்பு இருந்தது. சிக்குக்குள்ளிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரியும், நீலத் தொப்பியின் ரப்பர் இழை ஒன்றும் வந்தன. எண்ணெய் வாசனைக்கு அடியில் மருத்துவமனை வாசனை ஒரு வாரம் வரைக்கும் இருந்தது.

ஆறாம் நாள், பாதிக்கு மேல் பிரிந்துவிட்டிருந்தபோது, அவளாகவே பேச ஆரம்பித்தாள். முகம் எதிரில் இல்லாததால்தான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"நாலாவது படிக்கச்சொல்ல டைபாய்டு வந்துதுங்க. மொட்ட அடிச்சிட்டாங்க. என்னை யாரும் கேக்கல. தூங்கிக்கினு இருந்தேன், எழுந்து தடவிப் பாத்தா ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துல ஒரு வருசம் முக்காடு போட்டுக்கினு போனேன். பசங்க புடிச்சி இழுப்பானுங்க."

"இத நீ சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதே இல்லியே."

கல்யாணமாகி நாற்பது ஆண்டை நெருங்குகிறோம். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டேன். ஓடும்போது விழுந்தது என்றாள். பிறகு, "ஏன் கைய நிறுத்திட்டீங்க?" என்றாள்.

இனி ஒத்திவைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"தியேட்டர்ல நீ இருக்கும்போது ஒண்ணு வேண்டிக்கினேன்."

"என்னன்னு?"

"நல்லபடியா வெளிய வந்தா முடி எறக்கறேன்னு."

"ஒங்க தலையில இன்னா இருக்குது எறக்கறதுக்கு?"

"அதான். உன் முடிய எறக்கறதா வேண்டிக்கினேன்."

அவள் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது, இடுப்பு அப்படி. வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தெருவை ஒருமுறை சுற்றி வந்தது.

"அடுத்தவன் நெலத்த ஒருத்தன் எழுதிக் குடுத்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"தள்ளுபடி பண்ணுவேன்."

"இன்னைக்கிப் போதும். கைய எடுங்க."

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவள் என்னைத் தலையைத் தொட விடவில்லை. பாதி பிரிந்த முடியை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். வாக்கர் பிடித்து நடக்கும்போது கூடவே வர விட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்பதற்கு அதிகம் இருக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. குலதெய்வக் கோவில் பூசாரிக்குப் போன் போட்டேன். என் பெயரைச் சொல்லாமல், பொதுவான சந்தேகம் போலக் கேட்டேன். அவர் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"சார், பொம்பளைங்க முழுசாப் போடணும்னு ஒண்ணும் இல்ல. மூணு கத்திரி பூமுடி குடுத்தாக்கூட ஆத்தா வாங்கிக்குவா. ஆனா குடுக்கறவங்க மனசோட குடுக்கணும்."

பூமுடி, அதாவது நுனியில் மூன்று சிறு கற்றை. இவ்வளவு தாராளமான சலுகையை எந்த அரசாணையிலும் நான் கண்டதில்லை. உடனே போய் அவளிடம் சொல்ல எழுந்தேன். அறை வாசல்வரை போனவன் நின்றுவிட்டேன். எனக்குப் பழக்கமான காரியத்தைத்தான் மறுபடியும் செய்யப் போகிறேன் என்று தோன்றியது. ஒருவன் செய்த தவறுக்கு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் சட்டப்படி சரியாக்கிக் கொடுப்பது. அவளிடம் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன். இப்போது கேட்காமலே அதைச் சிறியதாக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். மூன்று கற்றையோ முழுத் தலையோ, அது யாருடையது என்ற கேள்வி அப்படியே இருந்தது. பட்டா மாறுதல் மனுக்களில் இந்த ஒரு கேள்விக்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் தவறானவர்கள் அல்ல. பாதிப் பேர் பயத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

பூமுடி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நான் செஞ்சது தப்பு," என்று மட்டும் வாசலில் நின்றபடி சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமல், "தெரியுது," என்றாள்.

மறுநாள் காலையில் அவளே துண்டை அவிழ்த்தாள்.

"வாங்க. இன்னும் ரெண்டு நாளு வுட்டா மறுபடியும் இறுகிக்கும்."

இந்தமுறை சீப்பை எடுப்பதற்கு முன், "ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கொடுத்தாள்.

மேலும் நான்கு நாள் ஆயிற்று. கடைசியில் பிடரிக்கு அருகில் ஒரு புளியங்கொட்டை அளவு முடிச்சு மட்டும் மிஞ்சியது. ஊசிக்கும் அசையவில்லை, எண்ணெய்க்கும் அசையவில்லை. இன்னும் இரண்டு நாள் கொடு, பார்க்கிறேன் என்றேன். அவள் தங்கையைக் கூப்பிட்டுக் கத்திரி கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். என் மனைவி கத்திரியைக் கையில் வாங்கி, விரலால் தடவி அந்த முடிச்சைக் கண்டுபிடித்து, கண்ணாடி இல்லாமலே வெட்டினாள். உள்ளங்கையில் வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டாள். மற்ற முடி முழுவதும் முதுகில் விழுந்து கிடந்தது. முன்பைவிட அடர்த்தி குறைவுதான். சீப்பில் நிறையப் போய்விட்டது.

ஆறு வாரப் பரிசோதனைக்கு மறுபடியும் விழுப்புரம் போனோம். எலும்பு கூடியிருக்கிறது, கைத்தடியோடு நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். திரும்பும்போது அவள் வண்டி ஓட்டியவரிடம், நெடுஞ்சாலை வேண்டாம், செஞ்சி ரோட்டில் போகலாம் என்றாள். ஏன் என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

மண்டகப்பட்டைத் தாண்டி வண்டி நின்றது. கோவிலுக்குக் கொஞ்ச தூரம் வரப்பு ஓரமாக நடக்க வேண்டும். கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். அம்மனுக்கு முன்னால் போனதும் கையை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். எங்களைப் பார்த்ததும் பூசாரி கத்திரியைத் தட்டில் எடுத்துவைத்தார். நான் போன் செய்ததை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. அவள் தட்டைப் பார்த்தாள், தொடவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் உதடசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திருநீறு வாங்கி இட்டுக்கொண்டு, எனக்கும் இட்டாள். பூசாரி ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

வண்டியில் ஏறியபின் என்னால் இருக்க முடியவில்லை.

"இன்னா சொன்ன?"

"ஒங்களுக்கு எதுக்கு அது?"

"இல்ல, நான் வேண்டினதாச்சே. அது இருக்குதா, முடிஞ்சிடுச்சான்னு தெரியணுமில்ல."

"முடிஞ்சிடுச்சி. ஆத்தா என்கிட்டயே பேசிட்டா. நீங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

உத்தரவின் நகல் எனக்குக் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்யவும் இல்லை. வண்டி செஞ்சியைத் தாண்டி வேகமெடுத்தபோது காற்றில் அவளுடைய முடி கொண்டையிலிருந்து நழுவி என் தோள்வரை பறந்தது. மறுபடியும் சிக்கு விழும் என்று சொல்லி, அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.