தம்பிக்குப் பால்பல் விழுந்த மழைக்காலம்

ரத்தம் காய்ந்த தலையணை உறைக்குத் தனி வாசனை உண்டு. துருவேறிய ஜன்னல் கம்பி மழையில் நனைந்தால் வருமே, ஏறக்குறைய அதுபோல இருக்கும், கொஞ்சம் இனிப்பும் கலந்து. தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், பக்கத்துப் பட்டறைகளின் தோல் வாடையையும் சாக்கடை வாடையையும் மீறி அந்த வாசனை என் மூக்குக்கு எட்டிவிடும். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே தம்பி முத்துவின் தலையணையை முகர்ந்துபார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால்தான் எழுந்திருப்பேன்.

முத்து தவழத் தொடங்கியபோது அவன் முழங்கால்கள் நாவல்பழம்போலக் கன்றிவிட, சயானில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்க உடம்புக்குள் பல பொருட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் என்றும், அதில் எட்டாவதாக எண்ணப்படும் பொருள் இவனிடம் இல்லை என்றும், அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாக ஹிந்தியில் விளக்கினார். பிறகு, இது தாய்வழியாக வருவது, பெண்கள் பெரும்பாலும் நோயில்லாமல் சுமப்பார்கள், பையன்கள்தான் அனுபவிப்பார்கள் என்றார். அன்றிலிருந்து அம்மா நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அடுத்த சந்தில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் வாசலில் நின்றபடியே, "எங்க குடும்பத்துல இப்படி ஒரு சீக்கு கெடையாது" என்பாள். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

மற்ற வீடுகளில் பால்பல் ஆடினால் சிரிப்பும் கேலியுமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது "பல்லாட்டம்" என்ற பயங்கரச் சொல். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மழை நாள்கணக்கில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, முத்துவின் முன்பல் ஆடத் தொடங்கியது. "ஏட்டி, அவன் நாக்கால பல்லத் தள்ளாம பாத்துக்க" என்று அம்மா என்னைக் காவல் வைத்தாள். கஞ்சியும் ரசஞ்சோறும்தான் கொடுத்தோம். ஆனாலும் ஒரு மத்தியானம் அவன் தும்மினான், பல் விழுந்துவிட்டது. வெற்றி பெற்றவன்போல அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, வாய் நிறைய ரத்தத்தோடு சிரித்தான்.

பஞ்சை வைத்து அழுத்தினோம், ஐஸ் வைத்தோம். பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. விழுங்கிய ரத்தத்தைக் கருப்பாக வாந்தியெடுத்தான். பட்டறையிலிருந்து ஓடிவந்த அப்பா அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றிருந்தது. நைன்டி ஃபீட் ரோட்டில் பஸ்ஸும் இல்லை, டாக்சியும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் அப்பா முன்னால் நடக்க, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். "ஏல முத்து, தூங்கிராதல. அப்பாகூட பேசிக்கிட்டே வால" என்று அப்பா கெஞ்சிக்கொண்டே போனார். முத்துவின் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. அவன் வாயிலிருந்து வழிந்த ரத்தம் அப்பாவின் சட்டையில் இறங்கி மழையோடு போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரைப் பையில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். ஆனால் அந்த மழையில் ரத்தம் கொடுக்க யாரும் வராததால் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது, சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார்கள். அப்பாவுக்கு முன்பே அம்மா கையை நீட்டிவிட்டாள். அவள் விரலில் குத்தி எடுத்த துளியை, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் விட்டார்கள். நல்ல ரத்தமாக இருந்தால் துளி மூழ்க வேண்டுமாம். அம்மாவின் துளி மேலேயே மிதந்தது.

நர்ஸ் தலையை ஆட்டினாள். அம்மாவுக்கே ரத்தம் போதாது, ரத்தசோகை என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்கம்மா" என்று அம்மா தமிழிலேயே கத்தினாள். "நான் குடுத்ததுனாலதான அவனுக்கு இந்தக் கதி, நானே குடுத்துருதேன்." நர்ஸுக்குப் புரியவில்லை. அந்த மிதக்கும் துளியை வெறித்துப் பார்த்தபடி அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கொடுத்தார். அது போதவில்லை. சாயங்காலம், தலையிலிருந்து கால்வரை நனைந்து அத்தை வந்து சேர்ந்தாள். நேராக உள்ளே போனாள். அவள் துளி கல்லைப்போல மூழ்கியது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தவளின் காலை அம்மா தொடப்போனாள். அத்தை பின்வாங்கினாள். "என் தம்பி புள்ளைக்குக் குடுத்தேன். ஒனக்கில்ல" என்றாள்.

அம்முறை முத்து பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் முட்டிக்குள் ரத்தம் கசிந்து கசிந்து ஒரு கால் நீட்ட முடியாமல் போயிற்று. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது ரயில் நிலைய மேம்பாலப் படியில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டான். வெளியே காயமே இல்லை. "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். தலைவலி என்று மத்தியானம் திரும்பிவந்தவனுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் அறியவில்லை. மறுநாள் அவன் இல்லை.

இன்று அந்தச் சந்து இல்லை, பட்டறைகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார், அத்தையும் போய்விட்டாள். சயானுக்கு அடுத்த சுனாபட்டியில் அம்மா என்னோடு இருக்கிறாள். இந்த நோய்க்கு இப்போது நல்ல ஊசிகள் வந்துவிட்டன. குழந்தைகள் போட்டுக்கொண்டு ஓடி விளையாடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு இது ஐந்தாம் மாதம். போன வாரம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொன்னார். அம்மாவிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது. பையன் பிறந்தால் அவனுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மா முந்தானையை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி சொன்னாவ? ஒனக்கும் இருக்கா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "இல்லம்மா. எனக்கு இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். எத்தனையோ வருடங்களாக அவள் சொல்லாத வார்த்தை அது. மாட்டுங்காவில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, மறுபடியும் சாம்பார் கேட்டு வாங்கி, ருசித்து ருசித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து என் வயிற்றில் ஈரக் கையை வைத்தாள்.

"ஏட்டி, பையனா பொறந்தா முத்துன்னே பேரு வைப்பமா?"

"வைப்போம்மா" என்றேன்.