பட்டியலில் சேர்த்த பெயர்

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. கணினியில் நிறுவுகிற மென்பொருளுக்குள் ஒரு முழுப் பிரவுசரையே தூக்கி வைப்பது. முகவரி எழுதும் கட்டம் இராது, முன்னே பின்னே போகும் அம்புக்குறிகள் இரா. பார்ப்பவருக்கு அது சாதாரண மென்பொருள். உள்ளே ஓடுவது இணையப் பக்கம். கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக இந்த வேலையை யாழ்ப்பாணத்துச் சுருவிலில் எங்கள் வீட்டில் இருந்தே செய்கிறேன். ஒரு சின்ன நாட்காட்டி கேட்டாலும் அதற்குள்ளும் பிரவுசரைத் திணித்துக் கொடுக்கிற கூட்டம் நாங்கள். என் கூட்டத்தை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்தை யார் எழுதியிருந்தாலும், அது திரைக்கு வருமுன் என் மென்பொருள் அதில் கைவைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். வேண்டாத பெட்டி ஒன்றை எடுத்துவிடலாம். எழுதியவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

அம்மாவுக்குக் கண்ணில் வெண்படலம் வெட்டிய பிறகும் கைபேசி எழுத்துத் தெரியவில்லை. அவருக்கு இணையத்தில் வேண்டியிருந்தது மரண அறிவித்தல் மட்டுமே. ஊர்ச்சனத்தில் பாதி வெளிநாட்டில். யார் எங்கே மோசம் போனாலும் படத்தோடு அதற்கென்றே உள்ள தளத்தில் வந்துவிடும். காலைத் தேத்தண்ணீரோடு அதைப் பார்க்காவிட்டால் அம்மாவுக்குப் பொழுது விடியாது. அதனால் பெரிய திரை ஒன்றை மேசையில் வைத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டும் மென்பொருளை எழுதிக் கொடுத்தேன்.

முதல் கிழமையே சிக்கல். அம்மா தெரியாமல் காணி விளம்பரத்தை அமுக்கிவிட்டு, காணி வாங்கிவிட்டோமோ என்று பயந்து போனார். நான் ஒரு பட்டியல் போட்டேன்: நகைக்கடை, திருமண மண்டபம், காணி விற்பனை. இந்தச் சொற்கள் வரும் பெட்டி எதுவும் திரைக்கு வராது. "இப்ப வடிவாக் கிடக்கு" என்றார் அம்மா. எனக்கும் பெருமைதான்.

வெளிநாட்டில் இருந்த அண்ணா ஒரு புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியில் மாரடைப்பில் விழுந்து இறந்தார். அதே நகரத்தில் இருக்கிற அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. இஞ்சை செத்தவீட்டை முடிச்சிட்டு வாறன். பக்கத்திலை இருந்து நான் சொல்லுறன். நீ சொன்னா அவ தாங்கமாட்டா."

"அறிவித்தல் போடுவியளே?"

"போடாமல் ஏலுமே? சனம் என்ன கதைக்கும்? அம்மா பாக்காமல் நீதான் ஏதும் செய்ய வேணும்."

அழுதுகொண்டே ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், அழுகைக்கு நடுவே ஆறுதலாகவும் இருந்தது. அம்மாவுக்குச் சொல்லும் வேலை என் தலையில் இல்லை. நான் கோழை, அக்கா அதை நன்றாக அறிந்து வைத்திருந்தார்.

நகைக்கடை, திருமண மண்டபம், காணி விற்பனை. அவற்றுக்குக் கீழே அண்ணாவின் பெயரைத் தட்டினேன். பிழையாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அண்ணா இல்லை. வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தேன்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் வாயைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கோயிலை மறந்துவிட்டேன். சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டுக்காரர் முப்பத்தொரு நாளுக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. ஞாயிறு காலை அம்மா குளித்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டார். வெயில் என்றேன், கால் நோகும் என்றேன். துடக்கு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. சொன்னால், ஆரின்ரை துடக்கு என்று கேட்பாரே.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே கணினிக்கு முன்னால் போய் இருந்தார். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் உருட்டினார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஒண்டுமில்லை" என்றார்.

கோயிலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். யாரோ ஒரு மனுசி அம்மாவின் கையைப் பிடித்து, "என்னக்கா, பிள்ளையைப் பறிகொடுத்திட்டு இந்த நேரத்திலை கோயிலுக்கு வந்திட்டியள்?" என்று கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல்லை வாயால் எடுக்கக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதம். ஆகவே என்னிடம் கேட்கவும் இல்லை, அண்ணாவுக்குப் போன் எடுத்துத் தரச் சொல்லவும் இல்லை. கணினியிடம் கேட்டார். அது நான் சொல்லிக் கொடுத்த பொய்யைச் சொன்னது.

அன்று பின்னேரம் அம்மா மறுபடி கோயிலுக்குப் போனார். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, அண்ணாவின் கடைசிக் கிரியைகளை நேரலையில் பார்த்தேன். பெட்டியை உள்ளே தள்ளியபோது அக்கா போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் நிற்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வாசலில் நின்றார். என் நெற்றியில் விபூதி பூசினார்.

"கண்டதுகள் கண்டபடி கதைக்குதுகள். அண்ணான்ரை நட்சத்திரத்துக்கு ஒரு அர்ச்சனை செய்விச்சனான்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வியாழக்கிழமை அக்கா வந்தார். அம்மாவைக் கட்டிலில் இருத்தி, தோளை அணைத்துக்கொண்டு சொன்னார். அம்மா அவருடைய கையைத் தட்டிவிட்டார்.

"உனக்குமோ உந்தக் கதை வந்தது? நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அவன்ரை படம் வரேல்லை. வந்திருந்தா நான் காணாமல் இருப்பனே?"

அக்கா அழ அழ, அம்மா அவரைத் தேற்றத் தொடங்கினார். எதையோ பிழையாகக் கேள்விப்பட்டுவிட்டாய், களைப்பு, கொஞ்சம் படு என்றார். அக்கா என்னைப் பார்த்தார். இம்முறை என் தலையில்தான் விழுந்தது.

கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். பட்டியலைத் திறந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார். அண்ணாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மென்பொருளை மூடித் திறந்தேன். புதிய அறிவித்தல்கள் பல மேலே வந்திருந்தன; உருட்டிப் போக வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த படத்தில் அண்ணா சிரித்துக்கொண்டு வந்தார்.

அம்மா கதிரையை இழுத்து இருந்தார். வழக்கம்போல விரலை எழுத்தின் கீழே வைத்து, சத்தமாக வாசித்தார். பிறந்த இடம், இருந்த இடம், யாருடைய மகன். தன் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றது. பிறகு விரல் மட்டும் கீழே போய், தகனம் என்ற வரியில் தங்கியது.

"ஞாயிறு பின்னேரமோ?"

"ஓம் அம்மா."

"நீ பாத்தனியோ?"

"ஓம். அறைக்குள்ளை இருந்து பாத்தனான்."

என்னை அடிப்பார், மண் அள்ளித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தனியவோ பாத்தனீ? கதவைத் திறந்து என்னையும் கூப்பிட்டிருக்கலாமே, தம்பி."