தாள் அறுத்த பூண்டு

பழனிப் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தரை மணிக்குக் கொடைக்கானல் பேருந்தில் ஏறினேன். துணிப்பையில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை ஒன்று இருந்தது. பழனியில் பிளைவுட் கடை நடத்துகிறவள் நான். பலகை எனக்குப் புதிதல்ல. ஆனால் இது மரமே சேராத பலகை, மலைப்பூண்டின் தாளில், அதாவது தண்டில், செய்தது. கடைக்கு வந்த ஏஜென்ட் இதையும் ஒரு வழவழப்பான நோட்டீசையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ‘வீணாகும் விவசாயக் கழிவு, உங்கள் வீட்டுக்கு அழகான சுவர்’ என்று அதில் அச்சிட்டிருந்தது.

எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முந்தின வாரம் ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் அந்தப் பலகை ஆலையையும் போய்ப் பார்த்தேன். தாளைப் பொடியாக நறுக்கி, உலர்த்தி, பசை கலந்து, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். சுத்தமான வேலை. தாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “கொடைக்கானலுக்கு மேல பூம்பாறைலருந்துக்கா. அங்க சும்மா தூக்கிப் போடறாங்க” என்றார் கூட வந்த ஏஜென்ட். முதலில் தாள் கொடுத்த வேலுச்சாமி குடும்பத்தின் பெயரையும் பெருமையாகச் சொன்னார். அந்தத் தூக்கிப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விற்கலாம் என்று கிளம்பினேன்.

அறுபத்து நான்கு கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம் ஆனது. சுற்றுலா வந்தவர்கள் வளைவுக்கு வளைவு காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்த டிரைவரை ஒருவர் முறைத்தார், மலையையே விலைக்கு வாங்கிவிட்டவர் மாதிரி. கொடைக்கானலில் இருபது ரூபாய்க்கு வெந்நீரில் சர்க்கரை போட்டு டீ என்று கொடுத்தார்கள். குடித்துவிட்டு பூம்பாறை பேருந்தைப் பிடித்தேன். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். தூறல் விடவில்லை, ஜன்னல் மூடவில்லை, பை நனைந்தது.

“என்னக்கா, பலகையெல்லாம்?” என்றார் கண்டக்டர்.

“பூண்டுத் தாள்ல செஞ்சது தம்பி.”

வாங்கி முகர்ந்து பார்த்தார். “பூண்டு வாசமே இல்லியே. மருந்துக்கடை மாதிரில்ல அடிக்குது.”

பூம்பாறையில் வேலுச்சாமி வீட்டை விசாரித்துப் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாசலில் பச்சைத் தாள் மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே தரையில் சாக்கு விரித்து, தாள் அறுத்த பூண்டைப் பரப்பி வைத்திருந்தார்கள். வேலுச்சாமியின் மனைவி ஜோதி அழுகினதைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கொட்டித் தீர்த்தாள்.

“வழக்கமா தாளோடதாங்க்கா புடுங்குவோம். கட்டுக் கட்டாக் கட்டி அடுப்புக்கு மேல தொங்கவிட்டா, பொகையிலயே ஆறேழு மாசம் கெடக்கும். வெல வரும்போது எறக்கிக்கிடலாம். தாளு போச்சுன்னா எதப் புடிச்சுத் தொங்கவிடுறது? இந்த ஈரத்துல அறுத்த வாயில தண்ணி எறங்கி அழுகிப் போகுது.”

“காஞ்ச பெறகு குடுத்தா என்ன?”

“பச்சையாத்தான் வேணும்னாங்க, கையில காசும் குடுத்துட்டாங்க. ஏதோ ஓட்டலுக்கு வெரசா பலகை குடுக்கணுமாம்.”

வேலுச்சாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி பூண்டை எடுத்துக்கூடப் பார்ப்பதில்லையாம். அறுத்த கழுத்தைப் பார்த்துவிட்டு, சொன்ன விலைக்குப் போட்டுவிட்டுப் போ என்கிறாராம். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பூண்டை இறக்கும்போது காய்ந்த தாள் எப்படியும் கிடைக்கத்தான் போகிறது. அதுவரை பொறுக்க முடியாத அவசரத்துக்குப் பெயர் கழிவு மேலாண்மையாம்!

அடுப்புக்கு மேலே இன்னும் ஒரே ஒரு வரிசைக் கட்டு தொங்கியது. அது விதைப்பூண்டு. அதுவும் போனால் அடுத்த வெள்ளாமை இல்லை. வெளியில் விதை வாங்க அவர்களுக்கு வக்கில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே லாரி வந்தது. வாசல் குவியலை ஏற்றச் சொல்லிவிட்டு, மேஸ்திரி ஒருவர் அரிவாளோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இது என்ன மிச்சம்? மொத்தத் தாளும் தர்றதாத்தான பேச்சு?”

“பேச்சு அப்பிடித்தான் ஜோதி...” என்று இழுத்தார் வேலுச்சாமி.

என்னால் பொறுக்க முடியவில்லை. “விதையில கை வைக்கிறீங்களே, நீங்கள்லாம் சோறுதான் திங்கிறீங்களா?” என்று கத்தினேன்.

“நீங்க யாரு?”

“இந்தப் பலகைய விக்கறதுக்குக் கேட்டிருக்காங்க. பழனியில கடை வச்சிருக்கேன்.”

“அப்ப ஒங்களுக்குத்தானக்கா அள்றோம்!” என்று சிரித்தார்.

அந்த ஆள்மீது வந்த கோபத்தில் பாதி என்மீதே திரும்பியது. ஜோதிதான் எழுந்தாள்.

“அறுத்துட்டுப் போங்கண்ணே. அடுத்த வருசம் தாளுக்கு எங்க வருவீங்க?”

“அடுத்த வருசம் மன்னவனூர் இருக்கு, கவுஞ்சி இருக்கு, பூண்டு போடுற ஊருக்கா பஞ்சம்? ஒனக்கு எதுக்கு அந்தச் சோலி?”

ஜோதி அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி விறகுக் கட்டில் சொருகினாள். இருந்ததிலேயே ஈரமான விறகாகப் பார்த்து எடுத்து அடுப்பில் திணித்தாள். குப்பென்று புகை எழும்பி வீட்டை நிறைத்தது. விதைப்பூண்டுக்கு அது நல்லது, மேஸ்திரிக்கு ஆகவில்லை. இருமிக்கொண்டே வெளியே ஓடினார். வாசல் தாளோடு மட்டும் லாரி கிளம்பிப் போனது. வேலுச்சாமி எழுந்துபோய் இன்னும் இரண்டு ஈர விறகு கொண்டுவந்து போட்டார்.

கிளம்பும்போது ஜோதி விதை வரிசையிலிருந்து சின்னதாக ஒரு பிடிப் பூண்டைத் தாளோடு அவிழ்த்துக் கொடுத்தாள். “கொழம்புக்கு வச்சுக்கங்க்கா. அறுக்காமத் தொங்கவிடுங்க, கெடாது.” அதை நான் வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் மறுத்தால் அவள் மனம் கோணும் என்று வாங்கிக்கொண்டேன். இரவு பழனியில் இறங்கியபோது என் சேலை முழுக்கப் புகை வாசம். பையிலிருந்த பலகை ஓரமெல்லாம் ஊறி, அப்பளம் மாதிரி உப்பிப் போயிருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் ஏஜென்ட் வந்துவிட்டார். பலகையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “என்னக்கா இப்பிடி ஊறிப் போச்சு?”

“அது பொறந்த ஊருக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு நாள் தூறல் தாங்கல. அங்க பூண்டு அழுகுது, இங்க பலகை ஊறுது. இத என் கடையில விக்க மாட்டேன்.”

நடந்ததை எல்லாம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஏஜென்ட் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்படுகிறார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் பார்வை என் தலைக்கு மேலே இருந்தது. கல்லாவுக்கு மேல் ஆணியில் ஜோதி கொடுத்த பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“தாள் நல்லா நீளமா இருக்கேக்கா” என்றார்.